ஹங்கேரிக்குத் தெரியாத பெண்

அருப்புக்கோட்டையில் ஐரோப்பா இருந்தது. பருத்திவிதைக் கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் இடது கைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறப்பார்கள். கீழே கடை அடைக்கிற நேரத்துக்குப் பூட்டிவிட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வாசலில் தகரப் பலகை தொங்கும். 'ஐரோப்பியப் புரட்சிகள் ஆய்வு மன்றம்' என்று பெரிய எழுத்திலும், 'செருப்பை வெளியே விடவும்' என்று சின்ன எழுத்திலும் எழுதியிருக்கும். மன்றத்தின் நிறுவனர், ஆயுள்காலத் தலைவர் எல்லாம் சோணைமுத்துதான். ரெஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மேசை போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டில் ஐரோப்பா முழுக்க ஜனங்கள் கிளம்பி ராஜாக்களை உலுக்கிய கதையை எங்கேயோ படித்துவிட்டு, இது நம் ஊருக்கு அவசியம் தேவை என்று முடிவு கட்டினார். தேவை என்றது புரட்சியையா, கதையையா என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி எழுதிக் கை பழகியவர் ஆகையால் ஐரோப்பாவையும் பாகம் பிரித்துவிட்டார். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு. அந்த நாட்டின் புரட்சியை அவர்தான் படிக்க வேண்டும், அவர்தான் பேச வேண்டும். பிரான்ஸைத் தலைவர் தனக்கே வைத்துக்கொண்டார். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்த வீரணனுக்கு ஆஸ்திரியா. பஸ் ஏறிப் போகிற தூரத்து ஊரான வீரசோழனில் சாக்கு வியாபாரம் செய்த முகம்மது சுல்தானுக்கு இத்தாலி. ஒரு கம்பவுண்டருக்குப் பிரஷ்யா. எல்லாம் போக மிஞ்சிக் கிடந்தது ஹங்கேரி. அது கடைசியாகச் சேர்ந்த கைத்தறி நெசவாளி வேங்கடபதிக்கு வந்தது.

மன்றத்துக்குள் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, நாட்டின் பெயர்தான். வேங்கடபதிக்கு இதில்தான் மயக்கம். வாரம் முழுக்க தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறவன். தெருவில் அவனை "ஏலே" என்று கூப்பிட்டே எல்லாருக்கும் பழக்கம். இங்கே படியேறிப் போனால், "ஹங்கேரி அவர்கள் அமரலாம்" என்று சோணைமுத்து இரும்பு நாற்காலியைக் காட்டுவார். அந்த 'அவர்கள்' என்ற சொல்லுக்காக அவன் ஒரு கூட்டம்கூடத் தவறாமல் போனான்.

ஒரே ஒரு குறை இருந்தது. சைலீசியா என்ற சீமையில் நெசவாளிகள் பசி பொறுக்காமல் கிளம்பி முதலாளிகளின் வீடுகளை நொறுக்கினார்கள் என்று ஒரு நாள் கேள்விப்பட்டான். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதைப் படிக்கவேண்டும் என்று கேட்டான். அது பிரஷ்யாவின் பாகத்தில் வருகிறது, ஹங்கேரிக்கு அதில் பாத்தியதை இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். கம்பவுண்டரோ அந்தப் பக்கத்தை இன்னும் பிரிக்கவே இல்லை.

மாதம் ஒரு தடவை விருந்து உண்டு. பாரிஸில் புரட்சியே விருந்தில்தான் ஆரம்பித்தது. சர்க்காருக்கு ஆகாதவர்கள் ஊர் ஊராக விருந்து வைத்துப் பேசினார்கள். சர்க்கார் ஒரு விருந்துக்குத் தடை போட்டது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ராஜா மாறுவேஷத்தில் ஓடினார். எனவே மன்றமும் மாதாமாதம் பரோட்டா, சால்னா வைத்து நடத்தியது. எல்லாம் முறைப்படி நடந்தும் தடை மட்டும் வரவில்லை. எங்கள் விருந்தைத் தடைசெய்ய வேண்டும் என்று சோணைமுத்து மேலிடத்துக்கு மனுவே போட்டார். விசாரிக்க வந்த அதிகாரி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சால்னாவில் மட்டும் கொஞ்சம் காரம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் தலைவர் தமது பெரிய கண்டுபிடிப்பை அறிவித்தார். விருந்து நடக்கிறது, தடை வரவில்லை. ஆகவே அருப்புக்கோட்டை இப்போது 1847 டிசம்பரில் இருக்கிறது. இந்த அறிவிப்பு வந்தது 1970-ல். 1974 வந்த பிறகும் அருப்புக்கோட்டை 1847 டிசம்பரிலேயே இருந்தது.

அந்த 1974-ல் மழை ஏமாற்றிவிட்டது. நெசவாளர் தெருக் குழாய் முதலில் சொட்டியது, பிறகு இருமியது, பிறகு வாயை மூடிக்கொண்டது. பெண்கள் திருச்சுழி ரோட்டைத் தாண்டி, வெடித்துக் கிடந்த கரிசல் காட்டுக்குள் நடந்து, ஒரு உப்புக் கிணற்றில் இறைத்து வந்தார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால் மொரமொரவென்று அறும். தறிகள் பாதி நாள் சும்மா கிடந்தன.

வேங்கடபதியின் மனைவி பஞ்சம்மாள் ஒரு சனிக்கிழமை, குடத்தை இறக்கிவைத்த கையோடு அவன் முன்னால் வந்து நின்றாள். அவர்கள் வீட்டுக்குள் பேச்சு தெலுங்குதான். தமிழ் கடைக்காரர், கண்டக்டர், வெளி ஆட்களுக்கு. அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"செவ்வாக்கெழம காலையில குடத்த வரிசையா வச்சு திருச்சுழி பஸ்ஸ மறிக்கப் போறோம். தெருப் பொம்பளைக எல்லாரும் வாராக. ஆம்பளைக ஒருத்தரும் வரலைன்னா போலீஸ்காரக லத்தியத் தூக்குன ஒடனே கூட்டம் கலைஞ்சிரும். ஒங்க மன்றத்து ஆளுகளக் கூட்டிட்டு வாரீகளா?"

"கூட்டிட்டு வாரேன்."

"நெசமாவா?"

"ராசாவையே வெரட்டுன கதைய வாராவாரம் பேசுறவுக. ஒரு கொழாய்க்கு வரமாட்டாகளா?"

பஞ்சம்மாள் நம்பினாள். கணவன் படிக்கப் போகிறான் என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் பெருமை உண்டு. அன்று சாயங்காலம் உப்புக் கிணற்றடியில், "எங்க வீட்டுக்காரக முன்னால நிப்பாக, அவுக ஆளுக பின்னால நிப்பாக" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். தயங்கிக்கொண்டிருந்த பெண்களும் அதைக் கேட்டு வருகிறோம் என்றார்கள்.

மறுநாள் மன்றத்தில் வேங்கடபதி பேச எழுந்தான். ஆஸ்திரியா கையைத் தூக்கியது.

"தலைவர் அவர்களே, நாப்பத்தெட்டுல ஹங்கேரி ஆஸ்திரியாவுக்குக் கீழதான இருந்துச்சு? எங்க அனுமதி இல்லாம அவுக எப்படித் தனியாப் பேச முடியும்?" என்றார் வீரணன்.

தலைவர் யோசித்தார். நியாயம் என்றார். வீரணன் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு அனுமதி கொடுத்தார். வேங்கடபதி குழாய் வறண்டதையும், பெண்கள் பஸ்ஸை மறிக்கப் போவதையும் சொன்னான். மன்றமும் கூட வர வேண்டும் என்று கேட்டான்.

"முன்னுதாரணம் வேண்டும்," என்றார் சோணைமுத்து. "குடிநீர்க் குழாய் சம்பந்தமாக ஐரோப்பாவில் எங்கேயாவது?"

"ரொட்டி வெல ஏறுனது இருக்கு. உருளக்கெழங்கு அழுகுனது இருக்கு. தண்ணியப் பத்தி நான் பாக்கல," என்றார் முகம்மது சுல்தான். "ஆனா தலைவரே, கெழங்குக்குக் கெளம்புனவுக தண்ணிக்குக் கெளம்பியிருக்க மாட்டாகளா?"

"கிழங்கு வேறு, தண்ணீர் வேறு. ஆய்வில் கலப்படம் கூடாது."

அடுத்து, குடங்களை ரோட்டில் வைப்பது தடுப்பரண் ஆகுமா என்ற கேள்வி வந்தது. பாரிஸில் தெருவில் பதித்த கல்லைப் பெயர்த்து அடுக்கினார்கள், வண்டிகளைக் கவிழ்த்தார்கள், பீரோ கட்டில்களைத் தூக்கிப் போட்டார்கள் என்று தலைவர் விளக்கினார். "குடம் உருளும். உருளுகிற சாமானை வைத்து உலகத்தில் எவனும் தடுப்பரண் கட்டியதில்லை. வெறுங் குடம் வேறு. நிறைகுடமாக இருந்தால்கூடப் பரிசீலிக்கலாம்."

"நெறைகொடம் இருந்தா அவுக ஏன் ரோட்டுக்கு வாராக?" என்றான் வேங்கடபதி.

அவனை அறியாமல் வந்துவிட்ட வார்த்தை. அனுமதி இல்லாமல் பேசியதற்காக ஆஸ்திரியாவிடம் வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்கள். தெரிவித்தான்.

ஓட்டெடுப்பு என்றார்கள். சுல்தான் எழுந்து, அந்தக் காலத்தில் இத்தாலி ஒரே நாடு இல்லை, ஏழெட்டுத் துண்டு, ஆகவே எனக்குத் துண்டுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டும் மறியலுக்குப் போகலாம் என்பதற்கே என்றார். வேங்கடபதிக்கு உயிர் வந்தது. உடனே வீரணன், அதில் மிலான் பக்கமும் வெனிஸ் பக்கமும் ஆஸ்திரியாவின் கையில் இருந்தன, அந்த ஓட்டெல்லாம் எனக்கு வர வேண்டும் என்றார். இத்தாலியின் எல்லையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் சுல்தான் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு கடைசி பஸ்ஸு போயிரும், நான் வாரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இத்தாலி இல்லாமல் மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

தலைவர் முடிவுரை ஆற்றினார்.

"நண்பர்களே! இந்த மன்றம் ஒருநாளும் மக்களுக்கு எதிராக நின்றதில்லை. மக்கள் நிற்கிற இடத்திலேயே நின்றதில்லை. ஏன்? நாளைக்குப் புரட்சி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாமும் தெருவில் நின்று அடிபட்டுவிட்டால் அது ஏன் வந்தது என்று விளக்க யார் இருக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை எனக்கு நாலு கிரயப் பத்திரம் இருக்கிறது. அதைத் தியாகம் செய்ய நான் தயார். ஆனால் 1848 பிப்ரவரியில் செய்ய வேண்டிய தியாகத்தை 1847 டிசம்பரில் செய்தால் சரித்திரத்தில் தேதி உதைக்கும். பத்திரத்தில் தேதி தப்பினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியாது."

கை தட்டினார்கள். தீர்மானத்தை அவரே எழுதி அவரே படித்தார். "மேற்படி தெருவின் மேற்படி பெண்டிர் மேற்படி சாலையில் செய்ய உத்தேசித்துள்ள மேற்படி காரியத்தை, யாதொரு பந்தமும் வில்லங்கமும் இன்றி நேரில் கண்டு வர, ஹங்கேரி அவர்களை மன்றத்தின் பார்வையாளராக இதன் மூலம் நியமிக்கலாயிற்று. பார்வையாளருக்குச் சம்பவ இடத்தில் யாரையும் தெரியாது."

வேங்கடபதி அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. பார்வையாளர் என்பது ஒரு பதவி மாதிரி இருந்தது. தலைவர் அவன் தோளைத் தட்டியபோது அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவன் பின்னால் எத்தனையோ நாள் வெட்கப்பட்டான்.

வீட்டுக்குப் போனதும் பஞ்சம்மாள், "வாராகளா?" என்று கேட்டாள். "பேசியாச்சு" என்றான். பொய் இல்லை. திங்கட்கிழமை முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் தறியில் உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவோடு நாடாவாக மனசு போய் வந்தது. பொழுது அடைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை திருச்சுழி ரோட்டில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்தன. பித்தளை, ஈயம், மண் எல்லாம் இருந்தன. குடத்துக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்தார்கள். நடுவில், நீலச் சேலையில் பஞ்சம்மாள். எதிரே டீக்கடை ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்டு வேங்கடபதி நின்றான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் ஆட்களைத் தேடினாள். அவன் டீக்கடைக் கூரையைப் பார்த்தான். அவள் சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் இருந்த தெருக்காரி ஜக்கம்மாள் என்னவோ கேட்க, பஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ் வந்தது, நின்றது, அலறியது. போலீஸ் வேன் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். குடங்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். நேரே அவனிடம் வந்தார்.

"ஒரு ஆம்பளதான் தூண்டிவிடுறான்னு தகவல். யாருய்யா நீ?"

"பார்வையாளருங்க."

"எந்தக் கட்சி?"

"ஹங்கேரிங்க."

"அது எந்தக் கூட்டணி?"

"கூட்டணியெல்லாம் இல்லீங்க. ஆஸ்திரியாவுக்குக் கீழ இருக்கோம்."

சப்-இன்ஸ்பெக்டர் அந்த வருஷம் எத்தனையோ கட்சிகளின் பெயரைக் கேட்டுவிட்டார். இதையும் எழுதச் சொன்னார். பிறகு லத்தியை நீட்டி, "முன்னால நீலச் சேல கட்டியிருக்கே, அந்தப் பொம்பளையத் தெரியுமா?" என்று கேட்டார்.

பஞ்சம்மாள் நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுங்க," என்றான் வேங்கடபதி.

மன்றத்தின் விதிப்படிதான் சொன்னேன் என்று அவன் பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். விதி அந்த நேரத்தில் அவன் ஞாபகத்திலேயே இல்லை. லத்தி மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. பயம்தான் அவனைப் பேசவைத்தது, வேறு ஒன்றும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினார். "இந்தாளத் தெரியுமா? இவன்தான ஒங்களக் கூட்டிட்டு வந்தான்?"

தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனையும் வேனில் ஏற்றியிருப்பார்கள். பஞ்சம்மாள் குடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

"இவரு யாரோ. டீ குடிக்க வந்தவரு," என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, கொடம் மிதிபட்டுரும்," என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனிடம் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் தள்ளி நின்றான். பெண்களையும் குடங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மத்தியானமே மன்றம் அவசரமாகக் கூடியது. தலைவர் இரண்டு பத்திரங்களை ஒத்திவைத்துவிட்டு வந்திருந்தார். வேங்கடபதி நடந்ததைச் சொன்னான். தெரியாது என்று தான் சொன்ன இடம் வந்தபோது சோணைமுத்து எழுந்தே நின்றுவிட்டார்.

"அங்கேதான் ஆய்வு உச்சத்துக்குப் போகிறது! இந்த நடுநிலைமை பாரிஸ்காரனுக்கே வராது!"

"தலைவரே, அவ என் சம்சாரம்ங்க."

"எனக்குத் தெரியும். மன்றத்துக்குத் தெரியாது."

அவனுடைய சேவையைப் பாராட்டி, கம்பவுண்டரிடமிருந்து பிரஷ்யாவைப் பிடுங்கி அவனுக்குக் கொடுத்தார்கள். சைலீசியா நெசவாளிகள் உட்பட. எவ்வளவு நாளாக ஆசைப்பட்டது! இப்போது அந்தப் பெயரையே கேட்கப் பிடிக்கவில்லை. பசித்த பெண்களைச் சிப்பாய்கள் சுட்ட கதை அதில் இருப்பதாகக் கேள்வி. யாராவது ஓரமாக நின்று பார்த்தார்களா என்றும் அதில் எழுதியிருக்குமோ என்று நினைத்தான்.

"தலைவரே, ஸ்டேஷனுக்கு வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டீகன்னா..."

"பிரான்ஸ் கையெழுத்துப் போட்டால் ஆஸ்திரியா சும்மா இருக்குமா?" என்றார் தலைவர். ஆஸ்திரியா இருக்காது என்று தலையை ஆட்டினார் வீரணன். அந்தப் பஸ் தாமதமானதில் அவருக்குக் கம்பெனியில் மெமோ வந்திருந்தது.

வேங்கடபதி தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனான். வாசலில் திருவிழாக் கூட்டம். சட்டப்படி, பிடித்து வைத்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஸ்டேஷன் தொட்டியோ காய்ந்து கிடந்தது. சப்-இன்ஸ்பெக்டர் போன் போட்டுக் கத்தியதில் மேலிடத்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்துவிட்டது. அந்தக் கோடையில் அந்தப் பக்கம் வந்த முதல் லாரி. கைதான பெண்கள் குடித்தார்கள், முகம் கழுவினார்கள், குடங்களை நிறைத்தார்கள். சேதி பரவ, மற்றத் தெருப் பெண்களும் குடத்தோடு வந்து, "எங்களையும் கைது பண்ணுங்கய்யா" என்று வரிசையில் நின்றார்கள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்கம்மா, விட்டாச்சு!" என்று சப்-இன்ஸ்பெக்டர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கொழாயில தண்ணி வரட்டும், போறோம்," என்றாள் பஞ்சம்மாள் உள்ளே இருந்து.

வேங்கடபதி முன்னால் போய் நின்றான். "அய்யா, அந்தம்மா என் சம்சாரம்ங்க. கூட்டிட்டுப் போக வந்தேன்."

"நீ ஹங்கேரில்ல?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "காலையில தெரியாதுன்ன. எழுதியாச்சு. இப்பத் தெரியும்னா நான் எத அடிச்சு எத எழுத? தெரியும்னு சொல்ல யாராச்சும் ஒன்கூட வந்திருக்காகளா?"

யாரும் வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டு அவளையே கூப்பிட்டார். "ஏம்மா, இவுக யாரு ஒனக்கு?"

பஞ்சம்மாள் நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"காலையில இவுகளுக்கு என்னையத் தெரியல. எனக்கு இவுகள அப்பவும் தெரியும், இப்பவும் தெரியும். எழுதிக்கோங்க," என்றாள். குடத்தை அவனிடம் நீட்டினாள். "புள்ளைக தாகத்தோட கெடக்கும். கொண்டுபோய் வைங்க."

குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தான். ஆண்கள் தண்ணீர் சுமக்கிற வழக்கம் இல்லாததால் எல்லாரும் பார்த்தார்கள். தண்ணீர் தளும்பி வெள்ளைச் சட்டை நனைந்தது. பருத்திவிதைக் கடையைத் தாண்டும்போது மாடியிலிருந்து, "பிரஷ்யா அவர்களே!" என்று ஒரு குரல் கேட்டது. நிற்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கால் நின்றுவிட்டது. அண்ணாந்துகூடப் பார்த்துவிட்டான். பிறகு தன் காலைத் தானே திட்டிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. மன்றம் கூடி, நடந்த சம்பவத்துக்கு ஐரோப்பாவில் முன்னுதாரணம் இல்லாததால் அதை அங்கீகரிக்க முடியாது என்றும், எனினும் அருப்புக்கோட்டை 1848 ஜனவரிக்கு வந்துவிட்டது என்றும் தீர்மானித்தது. அதைக் கொண்டாட ஒரு விருந்தும் வைத்தார்கள். பிரஷ்யாவின் நாற்காலி காலியாக இருந்தது.

பஞ்சம்மாள் குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். கால் கழுவினாள், உலை வைத்தாள், பிள்ளைகளுக்குத் தலை வாரினாள். சண்டை போடுவாள் என்று வேங்கடபதி காத்திருந்தான். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்றிருந்தான். அவள் திட்டவில்லை. பிள்ளைகளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, அவனுக்கும் தட்டு வைத்தாள்.

"சாப்பிடுறீகளா?" என்று தமிழில் கேட்டாள்.

பிள்ளைகள் இரண்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தன.